துரைக்குச் சொந்தமில்லாத தெரு: ஹட்டன் கடைவீதியின் 140 ஆண்டுகள்

தேயிலைத் தோட்டத்தில் பாதைகளுக்குக் குறைவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு ஒரு பாதை, அங்கிருந்து மலைக்கு ஒன்று, மலையிலிருந்து கொழுந்து மடுவத்துக்கு ஒன்று. ஸ்டோருக்கு லொறிப் பாதை. பங்களாவுக்குப் பூச்செடி வைத்த தனிப்பாதை. ஆனால் தோட்டத்தில் தெரு கிடையாது. தெரு என்றால் யாரும் வரலாம், நிற்கலாம், தெரிந்தவரைக் கண்டால் பேசலாம், ஒரு சோலியும் இல்லாமல் வேடிக்கை பார்த்தபடி போகலாம். தோட்டப் பாதையில் நிற்பவனை ஏன் நிற்கிறாய் என்று கேட்க ஒரு கங்காணியோ கணக்கப்பிள்ளையோ எப்போதும் இருந்தார். வெளியாள் உள்ளே வந்தால் அத்துமீறல் என்று பொலிசுக்குச் சொல்லத் தோட்டத்தை நடத்தும் துரைக்கு அதிகாரம் இருந்தது. மத்திய மலைநாட்டில் தெரு தொடங்குவது தோட்ட எல்லை முடிந்து டவுன் தொடங்கும் இடத்தில்தான்.

மலையக வரலாற்றை எழுதியவர்கள் லயத்தை எழுதினார்கள். கங்காணியையும் கடன் துண்டு முறையையும் எழுதினார்கள். குடியுரிமைப் பறிப்பை விரிவாகவே எழுதினார்கள். டவுனைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. சம்பளத்தன்று சாமான் வாங்கப் போகிற இடம் என்ற அளவில் அது கதைகளிலும் கட்டுரைகளிலும் வந்து போகிறது. இதை நான் பெரிய குறையாக நினைக்கிறேன். தோட்டத்துக்குள் கோயில் கட்டுவதற்கும் துரையின் சம்மதம் வேண்டியிருந்த ஒரு சமூகம், யாரிடமும் கேட்காமல் கூடி நின்ற முதல் இடம் கடைவீதி. ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா, நுவரெலியா பஜார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அவற்றில் ஹட்டனை நடுவில் வைத்துப் பார்ப்பது வசதி. மற்ற தெருக்களுக்குப் போகும் வழிகளெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் பிரிகின்றன.

ஹட்டன் ரயிலால் பிறந்த ஊர். டிக்கோயா, திம்புளை, மஸ்கெலியாப் பள்ளத்தாக்குகளில் காடழித்தது கோப்பிக்காக. 1869இல் இலைநோய் கண்டு, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது; அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. ரயில் 1874இல் நாவலப்பிட்டி வரை வந்து பத்தாண்டு அங்கேயே நின்றது. அதுவரை மேலே போகும் அரிசியும் கீழே வரும் கோப்பியும் கினிகத்தேனைக் கணவாய் வழியாக மாட்டுவண்டியில் போய்வந்தன. 1884இல் பாதை ஹட்டனைத் தொட்டது. அடுத்த ஆண்டு நானுஓயாவுக்குப் போய்விட்டது. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,260 மீற்றர் மேலே, மலைமுதுகில் ஒரு சிறு தளம். நிலையத்தைத் தாண்டிக் கொட்டகலைப் பக்கம் போனால் சிங்கமலைச் சுரங்கம். 560 மீற்றருக்கு மேல் நீளம், இந்நாட்டு ரயில் பாதையிலேயே நீளமானது. ஊரின் பெயர்கூட ஸ்கொட்லாந்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தது என்பார்கள். பழைய சிங்களக் கிராமமோ கோயிலூரோ சந்தையோ வளர்ந்து டவுனானதல்ல இது. நிலையத்துக்கு எதிரே கடை போட்டார்கள், கடைக்கு அடுத்துக் கடை போட்டார்கள், அது தெருவானது.

டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா என்று தெற்கே விரியும் பள்ளத்தாக்குகள் அத்தனைக்கும் ஹட்டன் நிலையமே வாசல். தேயிலைப் பெட்டிகள் இங்கே வந்து ஏறின. அரிசி மூட்டைகளும் உரமும் யந்திரங்களும் இங்கே இறங்கின. ஆட்களும் இங்கேதான் இறங்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியில் நடந்து, வழியிலேயே பலர் மாண்டு, எஞ்சியவர்கள் தோட்டம் சேர்ந்தார்கள். பின்னர் தூத்துக்குடி, மண்டபம் முகாம், தலைமன்னார் என்று வழி மாறியது. 1914இல் தலைமன்னார் ரயில் பாதை திறந்தபின் கப்பலும் ரயிலுமாகப் பயணம் சுருங்கியது. 1900களின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு தகர வில்லை தொங்கியது. போய்ச் சேரவேண்டிய மாவட்டமும் தோட்டமும் அதில் எழுத்தாகவும் எண்ணாகவும் பொறிக்கப்பட்டிருக்கும். ரயில்காரருக்கு ஆளின் பெயர் தேவையில்லை, வில்லை போதும். பொதிக்கு முகவரி ஒட்டுவதுபோல மனிதருக்கு எண் கட்டி அனுப்பிய அந்தப் பயணம் முடிந்து, இந்தப் பள்ளத்தாக்குகளுக்கு வந்தவர்கள் முதலில் பார்த்த தெரு ஹட்டன் தெருதான். அன்றைக்கு அந்தத் தெருவில் நிற்க அவர்களுக்கு அனுமதி இல்லை. கங்காணி நேராகத் தோட்டத்துக்கு நடத்திக்கொண்டு போனார்.

கடை போட்டவர்கள் யார்? இந்தத் தெருவை ஓர் இனத்தின் தெரு என்று சொல்லவே முடியாது. தமிழ்நாட்டுக் கரையோர முஸ்லிம்கள் அரிசியும் புடவையும் விற்றார்கள். கொழும்புச் செட்டியார் தெருவில் வேர்கொண்ட நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கடன் பணம் கங்காணிமார் வழியாகத் தோட்டங்களுக்குள் ஓடியது. தென்கரையிலிருந்து வந்த சிங்கள முதலாளிமார் பலசரக்கும் பேக்கரியும் நடத்தினார்கள். யாழ்ப்பாணத்தாருக்குச் சுருட்டுக் கடை. மலையாளிகளுக்குத் தேத்தண்ணிக் கடை. கோயில், விகாரை, பள்ளிவாசல், தேவாலயம் நான்கும் ஒரே டவுனுக்குள் வந்தது இந்தக் கலப்பினால்தான். டிசம்பர்ப் போயாவில் தொடங்கி வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம். அப்போது நாடெங்குமிருந்து வரும் சிங்கள யாத்திரிகர்கள் நள்ளிரவு ரயிலில் ஹட்டனில் இறங்கி நல்லதண்ணிக்கு பஸ் ஏறுவார்கள். கடைகள் விடிய விடியத் திறந்திருக்கும். தோட்டத்துச் சம்பளமும் மலையேறுவோரின் காசும் சேர்ந்து வளர்த்த தெரு இது.

பழைய கடை ஒன்றின் அமைப்பைச் சற்று நின்று பார்க்கலாம். தகரக் கூரை, மேல்மாடியில் குடியிருப்பு, கீழே கடை. கதவுக்குப் பதிலாக நெட்டுக்குத்தாகப் பலகைகள். ஒவ்வொரு பலகையிலும் எண் இருக்கும். இரவில் அந்த வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகக் காடியில் செருகி, கடைசிப் பலகைக்குக் குறுக்கே இரும்புப் பட்டை போட்டுப் பூட்டுவார்கள். உள்ளே மரப்பெட்டியில் அரிசி, மா, பருப்பு, சீனி. கயிற்றில் தொங்கும் கருவாடு. கூரையிலிருந்து தொங்கும் கம்பளி. கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்கு, கூடைக்குக் கயிறு, கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டிப் பிடி. மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டால் செப்டம்பர் வரை மழை ஓயாத நாடு. கம்பளியும் படங்கும் இல்லாமல் ஒரு நாள் மலையில் நிற்க முடியாது. எனவே தேயிலைத் தொழிலின் பாதிக் கருவிகள் இந்தக் கடைகளில் தொங்கின என்று சொன்னால் மிகையில்லை.

முதலாளியின் மேசையில் இருந்த கொப்பியில்தான் ஊரின் உண்மைக் கணக்கு இருந்தது. ஆள் பெயருக்குப் பக்கத்தில் தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயம். அதன் கீழே தேதிவாரியாகச் சாமான், விலை, பாக்கி. சம்பளம் மாதம் 10ஆம் தேதி, இருபத்தைந்தையொட்டி அட்வான்ஸ். அந்த இரண்டு நாளிலும் கொஞ்சம் கழியும். மறுநாளே மீண்டும் ஏறும். தீபாவளி முற்பணம் கைக்கு வரும் வாரம் கொப்பியில் பெரிய தொகை கழியும். அதே வாரம் புதுச் சீலையும் பிள்ளைகளுக்குச் சட்டையும் பட்டாசுமாக அதைவிடப் பெரிய தொகை ஏறும். இது சுரண்டல் இல்லையா என்றால், சுரண்டலும்தான். ஆனால் எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். தோட்டத்துக்குள் பெரிய கங்காணியே கடனும் கொடுத்து, அரிசியும் அளந்து, சம்பளத்திலும் பிடித்தார். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் கடன் தொகை எழுதிய துண்டு வேண்டும்; 1921இல் அது ஒழிக்கப்படும்வரை கடனே காலில் விலங்காக இருந்தது. டவுன் முதலாளியிடம் பட்ட கடன் அப்படிப்பட்டதன்று. ஒரு கடையில் சரிப்படாவிட்டால் தெருவுக்கு எதிர்ப்பக்கம் போகலாம். அடிமைத்தனமும் ஏழ்மையும் ஒன்றையொன்று ஒட்டியே இருந்த வாழ்க்கையில், ஏழ்மையை மட்டும் தனியாகச் சுமக்கக் கிடைத்த இடம் அந்தத் தெரு. சிறிய வேறுபாடுதான், அதைச் சுமந்தவர்களுக்குச் சிறியதாக இருந்திருக்காது.

ஆனால் இந்தச் சுதந்திரம் எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைத்தது என்று எழுதினால் பொய்யாகும். பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ கைநீட்டி வாங்குவது நெடுங்காலம் தோட்ட வழக்கமாக இருந்தது. கொழுந்தெடுத்தவள் அவள்; டவுனுக்குப் போனவன் அவன். வழியில் தவறணை. சம்பள நாள் மாலையில் தவறணை வாசலில் நிறைந்த காசு எத்தனை வீட்டு அரிசியைக் குறைத்தது என்பது எந்தக் கொப்பியிலும் எழுதப்படவில்லை. பெண்களுக்குத் தெரு திறந்தது திருவிழாவிலும் தீபாவளியிலும் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளிலும். கூட்டமாகப் போய், இருட்டுமுன் திரும்ப வேண்டும். மலையகக் கடைவீதியின் வரலாற்றை எழுதுகிறவர் இந்தப் பாதியை விட்டுவிட்டு எழுதக்கூடாது.

இப்போது அரசியலுக்கு வருவோம். தஞ்சையிலிருந்து 1920இல் இலங்கைக்கு வந்த கோ. நடேசையர் பத்திரிகைக்காரர். கொழும்பில் ‘தேசபக்தன்’ நடத்தியவர். தொழிலாளரின் நிலையைக் கண்ணால் பார்க்கப் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் புகுந்தார் என்பது அவர் வரலாற்றில் தவறாமல் சொல்லப்படும் செய்தி. அந்த வேடத்தை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்று யோசித்தால் தெருவின் இடம் விளங்கும். தோட்டக் கேற்றைத் தாண்ட வெளியாளுக்கு இருந்த ஒரே உரிமம் வியாபாரம். தலையில் துணி மூட்டை இருந்தால் உள்ளே விடுவார்கள். கையில் பத்திரிகை இருந்தால் விடமாட்டார்கள். கடைவீதியின் ஆள் என்ற தோற்றம்தான் அவருக்குக் கவசமாக இருந்தது.

பிறகு அவர் வழியைத் திருப்பிப் போட்டார். தோட்டத்துக்குள் போய்ப் பேச முடியாது என்றால், தோட்டத்தார் வருகிற இடத்தில் இருந்து பேசலாம். 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கினார். கொழும்பில் இருந்த தொழிற்சங்க வாழ்வை மலைக்குக் கொண்டுவந்த முடிவு அது. உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை விலை சரிந்து கூலியைக் குறைத்துக்கொண்டிருந்த காலம். துரைமாரின் தடைகள் டவுன் எல்லையோடு நின்றுவிட்டன. அங்கே மேடை போடலாம், துண்டுப்பிரசுரம் கொடுக்கலாம். 1936இல் ஹட்டன் தொகுதியே அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. 1947 வரை உறுப்பினராக இருந்தார், அந்த ஆண்டிலேயே காலமானார்.

அவருடைய மனைவி மீனாட்சி அம்மையை இந்த இடத்தில் தனியாகச் சொல்லியாக வேண்டும். மக்களுக்குத் தெரிந்த மெட்டுகளில் அரசியலைப் பாட்டாக்கி, கூட்டங்களில் தாமே பாடினார். 1940இல் அவருடைய பாடல்கள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற தலைப்பில் நூலாக வந்தன. பெண்கள் கூட்டமாக வந்து இருட்டுமுன் திரும்பிய அதே தெருக்களில் ஒரு பெண் மேடையேறிப் பாடியது எத்தனை பெரிய காரியம்! மலையகத் தொழிற்சங்க வரலாற்றில் அவருக்குரிய இடம் இன்னும் கொடுக்கப்படவில்லை என்பது என் எண்ணம். அவர்களையொட்டியும் பின்னாலும் பாட்டுப் புத்தகக்காரர்கள் வந்தார்கள். நாலு பக்கம், எட்டுப் பக்கம் மலிவுத் தாளில் அச்சிட்ட பாடல்கள். கடைவீதி முனையிலும் ரயிலிலும் திருவிழாவிலும் பாடிப் பாடியே விற்றார்கள். எழுத்தறியாதவர் மெட்டை மனத்தில் வாங்கிக்கொண்டு போவார். எழுத்தறிந்தவர் தாளை வாங்கிக்கொண்டு போய் லயத்தில் வாசிப்பார். தோட்டத்துக்குள் சங்கக்காரன் நுழைய முடியாத காலத்தில் பாட்டு நுழைந்தது. சாரல்நாடன் போன்ற ஆய்வாளர்கள் இவற்றைத் தேடி எழுதியிராவிட்டால் இந்தச் செய்தியே நமக்கு வந்து சேர்ந்திராது.

1939இல் நேருவின் வருகையையொட்டி இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அதையொட்டிய கொந்தளிப்புக்குப் பிறகே தொழிற்சங்கத்தைப் பேச்சுவார்த்தைக்கு ஏற்கத் தோட்ட முதலாளிகள் இணங்கினார்கள். அதுமுதல் மலையகத்தின் ஒவ்வொரு டவுனிலும் கடைகளுக்கு மேல்மாடியில் சங்கக் காரியாலயம் என்று ஒன்று வந்தது. வேலை நிறுத்தப்பட்டவர், பெயர் வெட்டப்பட்டவர், பிரசவக் காசு கிடைக்காதவர், சேமலாப நிதிப் படிவம் நிரப்பத் தெரியாதவர் எல்லாரும் அந்த மரப்படிக்கட்டில் ஏறினார்கள். 1965இல் வி. கே. வெள்ளையன் தொடங்கிய தொழிலாளர் தேசிய சங்கம் ஹட்டனிலேயே வேர்விட்டது. கீழே அரிசி, மேலே நியாயம் என்று ஒரே கட்டடம் இரண்டையும் தாங்கிய காலம் அது.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் அந்த வாக்காளர்களை நாடற்றவர்களாக்கியது. கடைக்காரர்களும் தப்பவில்லை. குடிவரவு விதிகள் இறுகியதும் தற்காலிக வதிவிட அனுமதியில் இருந்த இந்திய வணிகர்கள் ஒவ்வொருவராகக் கடையைக் கைமாற்றிவிட்டுப் போனார்கள். தெருவின் பெயர்ப்பலகைகள் மாறத் தொடங்கியது அப்போதுதான். 1964 ஒக்டோபர் 30ஆம் தேதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரின் தலைவிதியை எழுதியது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பின்னர் பார்ப்பது. அவர்களை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. யாரும் இந்த மக்களைக் கேட்கவில்லை.

போகிறவர்கள் தலைமன்னாருக்கு ரயில் ஏறினார்கள். மலையகத்தில் ரயிலுக்குக் கோச்சி என்று பெயர். அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது. பயணத்துக்கு முந்திய நாட்களில் கடைவீதியில் நடந்தவை எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. கொப்பிக் கணக்கைத் தீர்க்க வேண்டும். பித்தளைக் குடம், தையல் யந்திரம், வளர்த்த மாடு எல்லாவற்றையும் வந்த விலைக்குக் கொடுக்க வேண்டும். தகரப் பெட்டி வாங்க வேண்டும். 1973, 74 பஞ்சம் இதன் நடுவே வந்தது. மாவும் அரிசியும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. மலையக டவுன்களின் கடை வாசல்களில் தோட்டத்து மக்கள் கையேந்தி நின்றார்கள். பிச்சைக்கு நின்றவர்களில் பலர் ஒரு காலத்தில் அதே கடைகளில் கொப்பி வைத்திருந்தவர்கள். அந்தப் பஞ்சத்தின் நினைவுதான் பலரை இந்தியாவுக்கு எழுதிக்கொடுக்கத் தூண்டியது என்று மூத்தவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன்.

நுவரெலியாவின் கதை வேறு வகை. அங்கே ஒரே ஊருக்குள் இரண்டு ஊர் இருந்தது. ஒரு பக்கம் வெள்ளைக்காரர் தங்கள் நாட்டை நினைத்துக் கட்டிய நகர்: 1876இன் ஹில் கிளப், குதிரைப் பந்தயத் திடல், கோபுரம் வைத்த செங்கல் தபாற்கந்தோர். மறுபக்கம் பழைய பஜார் வீதி, புதிய பஜார் வீதி. சமைப்பவர், துவைப்பவர், காய்கறி பயிரிடுபவர், கடைக்காரர் எல்லாரும் அங்கே. 1983 ஜூலை இனவன்முறையில் பஜாரில் தமிழரின் கடைகள் எரிந்தன. மீண்டும் கட்டினார்கள், ஆனால் மீண்டும் கட்டியது கொங்கிறீற்றில். பழைய தெரு படத்தில்கூடச் சரியாக மிஞ்சவில்லை. ஏப்ரல் வசந்த காலத்துக்கு வருகிற உல்லாசப் பயணி தபாற்கந்தோர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார். அதை ஹோட்டலுக்குக் கொடுக்கும் பேச்சு எழுந்தபோது 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் போராட்டம் நியாயமானது. பஜார் எரிந்ததற்கு அப்படி ஒரு குரல் எழவில்லை என்பதும் உண்மை.

மஸ்கெலியாவின் பழைய தெரு தண்ணீருக்குள் இருக்கிறது. மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காக 1960களின் இறுதியில் பழைய டவுனைக் கைவிட்டு மேட்டில் புது டவுன் அமைத்தார்கள். வரட்சியில் நீர் வற்றும் ஆண்டுகளில் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றிலிருந்து மேலே தெரியும். மூன்றும் எத்தனை நெருக்கமாக இருந்தன என்று பார்ப்பவர் வியப்பார். தெரிந்தவர்கள் பிள்ளைகளை அழைத்துப் போய், இதுதான் கடைவீதி, இந்த இடத்தில்தான் நம் தாத்தா சாமான் வாங்கினார் என்று காட்டுவார்கள். மலையகத்தில் ஒரு பழைய தெருவின் அடித்தளத்தை முழுதாகப் பார்க்க இன்று கிடைக்கும் இடம் அது ஒன்றுதான் என்றே தோன்றுகிறது.

சட்டமும் தோட்டத்தையும் டவுனையும் பிரித்தே வைத்திருந்தது. 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் பிரதேச சபை பணம் செலவிடத் தடையாக நின்றது. நுவரெலியா மாவட்டத்தில் 2012 கணக்கெடுப்பின்படி பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். அவர்களின் வாக்கில் வந்த சபை, அவர்கள் வாழும் லயத்துக்குப் போகும் வழியில் ஒரு விளக்குப் போட முடியாதிருந்தது. தெருவிளக்கு டவுன் எல்லையில் நின்றுவிட்டது, அதற்கப்பால் இருட்டு. 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். அதே காலத்தில் அம்பகமுவை, நுவரெலியா என்ற இரண்டு பெரிய பிரதேச சபைகளையும் ஆறாகப் பிரித்தார்கள். ஹட்டன் - டிக்கோயா நகர சபை இவற்றின் நடுவே சிறு தீவு. சுற்றிலும் தோட்டம் என்பதால் டவுன் விரிய இடமில்லை. குப்பை கொட்டுவதற்கும் இடம் தேடித் தவிக்கிறது. நூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய நில எல்லை இன்றும் அப்படியே நெரிக்கிறது.

இன்றைய ஹட்டன் தெருவில் பலகைக் கதவுகள் அருகிவிட்டன. உருட்டுக் கதவும் கண்ணாடியும் வந்துவிட்டன. கைத்தொலைபேசிக் கடை, அடகுக் கடை, ரெடிமேட் புடவைக் கடை, சுப்பர் மார்க்கெட், வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் முகவர் பலகை, டியூட்டரி விளம்பரம். இந்த வரிசையையே ஒரு சமூக மாற்றத்தின் அட்டவணையாகப் படிக்கலாம். பிள்ளைகள் மலைக்குப் போவதில்லை. பையன்கள் கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் இருக்கிறார்கள், பெண்கள் ஆடைத் தொழிற்சாலைக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள், படித்தவர்கள் ஆசிரியர்களாகிறார்கள். வெளியூரிலிருந்து தாயோ மகனோ அனுப்பும் காசை வாங்கவும், அவசரத்துக்கு நகையை வைக்கவும், கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்கவும் தெருவுக்கு வருகிறார்கள். கொப்பிக் கடன் குறைந்து அடகும் தவணையும் கூடியிருக்கின்றன. முதலாளி முகம் பார்த்துக் கொடுத்தார். கம்பனி கையெழுத்துப் பார்த்துக் கொடுக்கிறது. இந்த மாற்றத்தில் நன்மை எது, இழப்பு எது என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை. நுண்கடன் வட்டியில் சிக்கித் தவிக்கும் பெண்களைப் பார்க்கிறவர் பழைய கொப்பியை நல்லதென்பார். கங்காணிக் கடனை அனுபவித்த தலைமுறை எந்தக் கடனையும் நல்லதென்று சொல்லாது.

தீபாவளிக்கு முந்திய வாரம் மட்டும் தெரு பழைய தெருவாகிறது. கொழும்பு பஸ்களில் பையன்கள் வந்து இறங்குவார்கள். நடைபாதை முழுக்கப் படங்கு விரித்துத் துணி, பாத்திரம், பிளாஸ்ரிக் பூ. இப்போது பெண்கள் தாமே வருகிறார்கள், தம் காசோடு. சீலையை விரித்து, முந்தானையை விரலால் நெருடிப் பார்த்து, விலை பேசி, பிடிக்காவிட்டால் மடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். அவர்களின் பாட்டிமாருக்கு அந்த நேரமும் உரிமையும் இருக்கவில்லை.

போராட்டமும் தெருவை விடவில்லை. நாட்சம்பளம் 1,000 ரூபாய் வேண்டும் என்ற கோரிக்கை ஆண்டுக்கணக்கில் மலையக டவுன்களின் சந்திகளில் ஒலித்தது. 2018 ஒக்டோபரில் கறுப்புச் சட்டை அணிந்த மலையக இளைஞர்கள் அதைக் கொழும்பு காலிமுகத்திடலுக்குக் கொண்டுபோனார்கள். 2021 மார்ச்சில்தான் சம்பளச் சபை வழியாக 1,000 ரூபாய் வர்த்தமானியில் வந்தது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. இடையில் 2022இன் பொருளாதார நெருக்கடியில் விலை ஏறிய வேகத்துக்கு அந்த உயர்வு எந்த மூலைக்கு? மண்ணெண்ணெய் வரிசையில் நின்றவர்களுக்கு விடை தெரியும்.

இப்படிப்பட்ட தெருக்களை வேறு நாடுகள் என்ன செய்கின்றன என்று பார்ப்பது நமக்கு உதவும். ஜப்பானின் கிசோப் பள்ளத்தாக்கில் சுமாகோ என்று ஒரு வழிநடைச் சாவடியூர் இருக்கிறது. ரயில் பாதை அதை ஒதுக்கிக்கொண்டு போனதால் ஊர் வறண்டது. அதனாலேயே பழைய வீடுகள் இடிபடாமல் நின்றன. 1971இல் ஊரார் கூடி, வீட்டை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று தமக்குத்தாமே சாசனம் எழுதிக்கொண்டார்கள். 1975இல் அந்நாட்டுச் சட்டம் தனிக் கட்டடத்தை மட்டுமல்லாமல் கட்டடத் தொகுதியையே, அதாவது தெருவையே, பாதுகாக்க வழிசெய்தது. 1976இல் முதலில் அறிவித்தவற்றில் சுமாகோவும், கியோத்தோவில் கியோமிசுக் கோயிலுக்கு ஏறும் சன்னென்சாகாத் தெருப்பகுதியும் இருந்தன. யாத்திரிகர் காலடியில் வளர்ந்த கடைத்தெரு என்ற வகையில் சன்னென்சாகா நமக்கு அந்நியமானதல்ல.

நம் நாட்டில் 1940இன் தொல்பொருட் சட்டம் 1815 மார்ச் 2ஆம் தேதிக்கு முந்தியவற்றைத் தொல்லியற் சின்னம் என்று ஏற்கிறது. அதற்குப் பிந்தியதை அரசு தனியாக அறிவித்தால்தான் காப்பு. மலையகத் தமிழர் வரவை 1823இலிருந்து கணக்கிட்டு 2023இல் இருநூறாம் ஆண்டு நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மூதாதையர் நடந்த வழியில் மீண்டும் நடந்தார்கள். அதாவது இந்த மக்களின் வரலாறு முழுவதும் அந்தத் தேதிக்கு இந்தப் பக்கம் விழுகிறது. லயமும் ஸ்டோரும் கடைவீதியும் யாராவது கேட்டு வாங்கினால்தான் காக்கப்படும். கேட்பதற்கும் ஓர் உரிமை வேண்டும். சுமாகோக்காரர் விற்கமாட்டோம் என்று சொல்ல முடிந்தது வீடு அவர்களுடையதாக இருந்ததால். ஹட்டன் தெருவுக்கு உயிர் கொடுத்த மக்களில் பெரும்பாலோருக்கு, ஏழு பேர்ச் காணிக்கு உறுதி கொடுக்கும் திட்டம் வந்த பின்னும், தாம் குடியிருக்கும் நிலமே சொந்தமில்லை.

கட்டடத்தைக் காப்பது இனிக் கடினம், பெரும்பகுதி போய்விட்டது. போகாமல் இருப்பவை தாள்கள். கம்பளைப் பக்கத்தில் பழைய லயத்தையே அருங்காட்சியகமாக்கி, 2007 முதல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பொருட்களையும் ஆவணங்களையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். லயத்துக்குக் கிடைத்த அந்த அக்கறை கடைவீதிக்கும் வேண்டும். பழைய முதலாளிகளின் வாரிசுகள் வீட்டில் இன்னும் கொப்பிகள் இருக்கின்றன. கரையானும் ஈரமும் அவற்றைத் தின்றுகொண்டிருக்கின்றன. சங்கக் காரியாலயங்களின் அலுமாரிகளில் முறைப்பாட்டுக் கடிதங்கள், கூட்ட அறிவித்தல்கள், அங்கத்தவர் பதிவேடுகள். அச்சகங்களில் பழைய துண்டுப்பிரசுரம், ஸ்ரூடியோக்களில் இந்தியாவுக்குப் போகுமுன் குடும்பமாக எடுத்துக்கொண்ட படத்தின் நெகட்டிவ். நகர சபையிடம் வரிப் பதிவேடு; எந்தக் கடை எந்த ஆண்டு யார் பெயரில் இருந்தது என்பதை அதிலிருந்து வரிசையாக எடுக்கலாம். மலையகப் பிள்ளைகள் பல்கலைக்கழகங்களில் வரலாறும் சமூகவியலும் படிக்கிறார்கள். ஆளுக்கு ஒரு கடை என்று எடுத்துக்கொண்டு, முதலாளி வீட்டாரையும் அந்தக் கடையில் கொப்பி வைத்திருந்த தோட்டத்தாரையும் சேர்த்துக் கேட்டு எழுதினால், நிலையச் சந்தியிலிருந்து பஸ் நிலையம் வரை ஒரு தெருவின் வரலாற்றை எழுதிவிடலாம். அதைச் சொல்லக்கூடியவர்கள் எண்பது வயதைத் தாண்டியவர்கள். இந்த வேலையை அடுத்த விடுமுறையிலேயே தொடங்க வேண்டும்.